மூக்குக்கு வேலையில்லாத எண்ணெய்

'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்தால் எள்ளும் நெய்யும் கிடைக்கும். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு மட்டுமே ஒரு காலத்தில் அந்தப் பெயர் உரியதாயிருந்தது. பிறகு தமிழர்கள் தாராள மனம் கொண்டு தேங்காய், கடலை, ஆமணக்கு, இலுப்பை, வேம்பு எல்லாவற்றுக்கும் அப்பெயரை வழங்கினார்கள். கடைசியில் மண்ணுக்கடியிலிருந்து வருவதையும் மண்ணெண்ணெய் என்று அழைத்துக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மூலப் பொருளுக்கு 'நல்லெண்ணெய்' என்று ஒரு பட்டம் சூட்டி, அதன் கௌரவத்தைக் காப்பாற்றினார்கள். இத்தனை எண்ணெய்களுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாலே இன்ன எண்ணெய் என்று சொல்லிவிடலாம். மண்ணெண்ணெய்கூட இந்த விதிக்கு விலக்கன்று.

இப்போது நம் வீடுகளில் பெரும்பான்மையாகப் புழங்குவதோ இந்த விதிக்கு அடங்காத ஓர் எண்ணெய். அதற்கு மணம் இல்லை, ருசி இல்லை, நிறமும் இல்லையென்றே சொல்லலாம். கடையில் அதற்கு 'ரீபைண்டு' என்று பெயர். எல்லாவற்றோடும் ஒத்துப் போகிற, எதிலும் தன் அபிப்பிராயத்தை வெளியிடாத எண்ணெய் அது. அதை எதற்கு உபயோகிக்கலாம், எதற்கு உபயோகிக்கலாகாது, அதை வாங்கும்போது நாம் எதை இழக்கிறோம் என்பதை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

பள்ளத்தாக்கின் எண்ணெய்

இந்த ஆராய்ச்சிக்குத் தேனி ஜில்லாவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையை நோக்கிச் செல்லும் வழியெல்லாம் முல்லைப் பெரியாற்றின் தண்ணீர் பாய்கிறது. 1895-ம் வருஷத்தில் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த அணையின் புண்ணியத்தால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல்லுக்கு உரியதாயிற்று. நெல்லுக்கு அடுத்தாற்போல் தென்னந்தோப்புகள், வாழை, திராக்ஷைப் பந்தல்கள். ஆற்றுப் பாய்ச்சல் எட்டாத ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டு நிலங்களில் வானம் பார்த்த நிலக்கடலை, எள், பருத்தி. ஆக, எண்ணெய் தரும் பயிர்களில் முக்கியமானவை அனைத்தும் ஒரே ஜில்லாவுக்குள் அடங்கியிருக்கின்றன.

கூடலூரைக் கடந்து மலை ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அங்கே தாளிதத்தில் தேங்காய் எண்ணெய் மணக்கும். மலைக்கு இப்புறம் கத்தரிக்காய்க் குழம்பின்மேல் நல்லெண்ணெய் மிதக்கும். வாணலியில் கடலெண்ணெய் காயும். குமுளியில் தமிழ் பேசுவோர் ஏராளம். ஆகையால் மலை ஏறுகிறவனுக்குப் பாஷை மாறுவதற்கு முன்பே எண்ணெய் மாறிவிடுகிறது. தேச எல்லையை இவ்வளவு திட்டமாக அறிவிக்கும் வேறு பண்டம் உண்டோ?

இந்த எல்லைக்கோடுதான் இன்று அழிந்து வருகிறது. தோப்புக்காரர் தேங்காயை வியாபாரியிடம் போடுகிறார். கொப்பரையாக உலர்ந்து எண்ணெயாவதற்கென்று காங்கேயம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. தேங்காய் விற்ற பணத்தில் அவர் வீட்டுக்கு வாங்கிச் செல்வது சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட். அந்தச் சூரியகாந்தி கருங்கடல் ஓரத்தில் பூத்ததாக இருக்கலாம். சாப்பாட்டுக் கடையின் வாணலியிலோ இந்தோனேஷியாவிலும் மலேஷியாவிலும் பழுத்த பனையின் எண்ணெய் கொதிக்கிறது. மலைக்கு அப்புறமும் இப்புறமும் வாணலிகள் ஒரே மாதிரி மணமற்றுப் போய்விட்டன.

மணம் போகும் வழி

விதையிலிருந்து வெளிவரும்போது எண்ணெய் தனியாக வருவதில்லை. பசை, புளிப்பு, நிறம், மணம் என்னும் நாலு பரிவாரங்களுடன் வருகிறது. ஆலையில் அவற்றை ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். தண்ணீரும் சிறிது திராவகமும் சேர்த்துப் பசையை இறக்குகிறார்கள். காஸ்டிக் ஸோடாவைக் கலந்து புளிப்பை முறிக்கிறார்கள்; அது சோப்பாக மாறிப் பிரிந்துவிடுகிறது. பிறகு ஒரு வகைக் களிமண்ணோடு சேர்த்து வடிகட்டி நிறத்தைப் பறிக்கிறார்கள். கடைசியாக, காற்றை அகற்றிய பெரிய பாத்திரத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடேற்றி, நீராவியை ஊடே செலுத்தி, மணத்தை ஆவியோடு ஆவியாகத் துரத்திவிடுகிறார்கள்.

இவ்வித்தை வளர்ந்த இடம் அமெரிக்காவின் பருத்திச் சீமை. பஞ்சை எடுத்த பிறகு மலை மலையாகக் குவிந்த பருத்திக்கொட்டையை என்ன செய்வதென்று அங்கே விழித்தார்கள். அதன் எண்ணெய் கறுத்தது, நாறியது. காரம் சேர்த்து அதைத் தெளிய வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் டேவிட் வெஸ்ஸன் என்னும் ரஸாயன சாஸ்திரி அதன் நாற்றத்தையும் நீராவியால் போக்க வழி கண்டார். நமது மதுரைச் சீமையில் பருத்திக்கொட்டைக்கு இந்தச் சங்கடம் நேர்ந்ததே இல்லை. மாட்டுக்கு வைத்தது போக, மனிதர்களும் அதைப் பருத்திப் பாலாகக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டுக் குடித்துவிட்டார்கள்!

ஆலை செய்வதில் ஒரு பகுதியை நம் பாட்டிமார்களும் செய்து வந்தார்கள். செக்கிலிருந்து வந்த புதுக் கடலெண்ணெய் காயும்போது நுரைத்துப் பொங்கும். அதில் உள்ள பசையே காரணம். அதற்காகச் சிறு புளி உருண்டையை முதலில் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டுப் பிறகுதான் முறுக்கைப் பிழிவார்கள். ஆலைக்காரர் ஊற்றும் திராவகமும் பாட்டி போட்ட புளியும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஒன்று மட்டும் வித்தியாசம். பாட்டி பசையை அடக்கினாள். மணத்தின்மேல் கை வைக்கவில்லை.

அதன் நற்குணங்கள்

மணமற்ற எண்ணெயை அடியோடு பழிப்பது நியாயமாகாது. அதற்கென்று சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, பொரிப்பது. முறுக்கு, தேன்குழல், சீடை, அப்பளம் முதலியவற்றை 170 முதல் 190 டிகிரி உஷ்ணத்தில் பொரிக்க வேண்டும். செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் பெரும்பாலும் இந்த உஷ்ணத்தை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும். சுத்திகரித்த கடலெண்ணெயும் தவிட்டெண்ணெயும் 220 டிகிரி வரையிலும் தாங்கும். புகையும் எண்ணெயில் பொரித்த பக்ஷணம் தொண்டையைக் கமறும். தீபாவளிக்கு நாலு படி மாவு பிசைந்து வைத்திருப்பவர்களுக்கு இது அற்ப விஷயமன்று.

இரண்டாவது, வேறொரு வாசனை தலைமை வகிக்க வேண்டிய பதார்த்தங்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் போடுகிறார்கள். மலைமேல் இடுக்கி ஜில்லாவில் புத்தடியிலும் போடுகிறார்கள். இவ்விரண்டு இடங்களிலும் விலை பேசப்படுவது வாஸ்தவத்தில் மணந்தான். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏலக்காயைப் பாதுஷாவிலும் சோமாசியிலும் தூவிவிட்டுக் கடலெண்ணெய் வாசனை வீசும் வாணலியில் இறக்கினால், இரண்டு வித்துவான்கள் ஏக காலத்தில் வெவ்வேறு ராகம் பாடுவது போலாகும். இங்கே வாய் மூடியிருக்கும் எண்ணெயே உத்தமம். முட்டையோ வெண்ணெயோ இல்லாமல் கேக் செய்கிறவர்களுக்கும், புதினா, கொத்துமல்லி முதலிய மெல்லிய வாசனைகளைக் காக்க விரும்புகிறவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

மூன்றாவது காரணம் ஆரோக்கியத்தைச் சேர்ந்தது. நிலக்கடலையில் பூஞ்சை பிடித்தால் அதில் அப்ளடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. சொத்தைக் கடலையைப் பொறுக்காமல் செக்கில் போட்டால் அந்நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயிலும் வந்துவிடும். காரமும் களிமண்ணும் அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. செக்கெண்ணெய் என்ற பெயரைக் கேட்டவுடனே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் இதை மறக்கலாகாது. செக்கின் பெருமை விதையின் சுத்தத்தைப் பொறுத்தது.

எங்கே அது உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஊறுகாய், மிளகாய்ப் பொடி, புளியோதரை, வற்றல் குழம்பு, எண்ணெய்க் கத்தரிக்காய் ஆகியவற்றில் நல்லெண்ணெய் ஒரு பாத்திரம் ஏற்று நடிக்கிறது. அதை நீக்கினால் நாடகம் நடவாது. மேலும் எள்ளுக்கே உரிய ஸெஸமால் போன்ற பொருள்கள் எண்ணெய் சிக்குப் பிடிக்காமல் நெடுநாள் காக்கின்றன. ஜாடியின் வாய்வரை நல்லெண்ணெய் ஊற்றிய நம் முன்னோர்கள் ருசியை மாத்திரம் கருதவில்லை. அவியலை இறக்கும்போது விடும் ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கும் பதிலாள் கிடையாது.

சாட்சி இல்லாத வழக்கு

இனி, இழப்பைப் பற்றிச் சொல்லுவோம். மூக்கு என்பது அடுக்களையின் உத்தியோகஸ்தர். எண்ணெய் சிக்குப் பிடித்ததா, கலப்படமா, போன வருஷத்து எள்ளில் ஆட்டியதா என்பதையெல்லாம் சம்பளம் வாங்காமல் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லி வந்தவர். மணமற்ற எண்ணெய் வந்ததும் அவருக்கு உத்தியோகம் போயிற்று. மணமில்லாத இரண்டு எண்ணெய்களைக் கலந்தால் எந்த மூக்கு அதைக் கண்டுபிடிக்கும்?

இந்தக் கவலை புதிதன்று. 1937-ம் வருஷத்தில் 'டால்டா' என்னும் வனஸ்பதி நம் தேசத்தில் விற்பனைக்கு வந்தது. எண்ணெயைக் கெட்டிப்படுத்தி நெய்யைப் போல் தோன்றச் செய்த பண்டம் அது. நெய்யில் அதைக் கலந்து விற்பது எளிதாயிற்று. காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் அதைக் கண்டித்து எழுதினார். கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சர்க்கார் செய்த ஏற்பாடு விசித்திரமானது. வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்த்தே தீர வேண்டுமென்று சட்டம் விதித்தார்கள். நல்லெண்ணெயோடு தக்க திராவகங்களைச் சேர்த்தால் சிவந்த நிறம் தோன்றும். நெய்யைச் சோதிக்கும்போது அந்தச் சிவப்புக் கண்டால் வனஸ்பதி கலந்திருக்கிறதென்று பொருள். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல முடியாத பண்டத்துக்கு நம் எள்ளைச் சாட்சியாக அனுப்பி வைத்தார்கள்!

மூக்கு மட்டும் போதுமென்று நாம் சொல்லவில்லை. 1998-ம் வருஷத்தில் டில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்துவிட்டது. காரமான மணமுள்ள கடுகெண்ணெயிலேயே அது ஒளிந்துகொண்டது. அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் எண்ணெயை அடைத்து, முத்திரையிட்டு விற்க வேண்டுமென்னும் உத்தரவு வலுப்பெற்றது. ஆகவே மூக்கோடு கண்ணும் கணக்கும் சேர வேண்டும்.

கண்ணுக்கு உரிய வேலை, பாக்கெட்டின் பின்புறத்தைப் படிப்பது. முன்புறத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண்ணெயின் பெயர் இருக்கலாம். பின்புறத்தில் சிறிய எழுத்தில் 'கலப்பு எண்ணெய்' என்று இருக்கலாம். இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையலாகாது. எவை, எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும். நிறையையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். அதற்குக் குறைந்த பாக்கெட்டை லிட்டர் என்று எண்ணி விலையை ஒப்பிட்டால் ஏமாறுவது நாம்தாம்.

கணக்குக்கு உரிய வேலை, 'மரச்செக்கு' என்ற பலகையைக் கண்ட இடத்தில் தொடங்குகிறது. ஒரு கிலோ கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கடலைப் பருப்பு வேண்டும். எள்ளுக்கும் கணக்கு அவ்வளவுதான். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். பிண்ணாக்கு விலையைக் கழியுங்கள். ஆட்டுகூலியைச் சேருங்கள். இதற்கும் குறைந்த விலைக்கு ஒருவர் செக்கெண்ணெய் தருகிறார் என்றால், அவர் தர்மம் செய்கிறார் அல்லது வேறு ஏதோ செய்கிறார். தர்மம் செய்கிறவர்கள் அரிது.

கப்பலும் செக்கும்

இவ்விஷயம் அடுக்களையோடு முடிவதில்லை. நம் தேசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 60 லக்ஷம் டன் சமையல் எண்ணெயை வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கிறது. நமது தேவையில் பாதிக்கு மேல் இவ்வாறு வருகிறது. அதற்காக லக்ஷம் கோடி ரூபாய்க்கு மேல் வெளியே செல்கிறது. 2022-ம் வருஷத்தில் உக்ரேன் யுத்தம் தொடங்கியபோது சூரியகாந்தி எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. அதே வருஷம் ஏப்ரல் மாத இறுதியில் இந்தோனேஷியா பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது. மே மாதத்தில் தான் மறுபடியும் அனுமதித்தது. எங்கோ குண்டு வெடித்தால் கம்பத்தில் அப்பளத்தின் விலை ஏறுகிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007-ம் வருஷம் தொடங்கிய விசேஷத் திட்டத்தின்படி லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது செய்யும் உபகாரத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும் அதே கடையில் தேங்காய் எண்ணெயும் கடலெண்ணெயும் விற்க வேண்டுமென்று குடியானவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

செக்கு என்றால் தமிழர் நெஞ்சில் வேறு ஒரு நினைவும் எழும். வெள்ளையர் கப்பலுக்கு எதிராக 1906-ம் வருஷத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுக்க வைத்தார்கள். தண்டனைக்குக் கருவியாயிருந்த அதே செக்கைக் கிராம வாழ்வுக்குக் கருவியாக்க முயன்றவர் காந்தியடிகள். 1934-ம் வருஷத்தில் அவர் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் எண்ணெய்ச் செக்கைத் தன் முக்கிய வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. அச்சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா தமது கடைசி வருஷங்களைக் கழித்த தே. கல்லுப்பட்டி, தேனி ஜில்லாவுக்குக் கிழக்கே மதுரை ஜில்லாவில்தான் இருக்கிறது.

அவர்களுடைய வாதத்தை ஒரு பிண்ணாக்கைக் கொண்டே விளக்கிவிடலாம். ஊர்ச் செக்கில் கடலை ஆடினால் எண்ணெய் வீட்டுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. சூரியகாந்தி எண்ணெய் கப்பலில் வரும்போது எண்ணெய் மட்டுமே வருகிறது. பிண்ணாக்கு விளைந்த நாட்டிலேயே நின்றுவிடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது பயிரின் பாதியைத்தான்.

அப்படியானால் மணமற்ற எண்ணெய் எல்லாம் அந்நியமா? அல்ல. நெல் அரைக்கும்போது கிடைக்கும் தவிட்டிலும் எண்ணெய் இருக்கிறது. அரைத்த உடனே பக்குவம் செய்யாவிட்டால் தவிடு தானாகவே கெட்டுவிடும். அதைச் செக்கில் ஆட்ட முடியாது. ஆலை ஒன்றே வழி. இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்குக்கு இதைவிடப் பொருத்தமான சுதேசிப் பொரிப்பெண்ணெய் எது? பருத்திக்கொட்டை எண்ணெயும் அத்தகையதே. ஆலையைப் பகைக்க வேண்டியதில்லை. செக்கால் ஆகாததை ஆலை செய்யட்டும். செக்கால் ஆவதை ஆலை பறிக்க வேண்டாம்.

வீட்டுக்குச் சில யோசனைகள்

ஒரே எண்ணெயை எல்லாவற்றுக்கும் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம். தாளிதத்துக்கும் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் நல்லெண்ணெய். பொரியலுக்குக் கடலெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். பண்டிகை நாட்களில் பொரிப்பதற்கு மட்டும் மணமற்ற எண்ணெய். அதிலும் தவிட்டெண்ணெய் அல்லது சுத்திகரித்த கடலெண்ணெய் நல்லது. சூரியகாந்தி எண்ணெய் எளிதில் புகையாதெனினும், திரும்பத் திரும்பக் காய்ச்சினால் விரைவில் கெடும்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, இரண்டொரு நாளைக்குள் தாளிதத்தில் செலவழித்துவிட வேண்டும், மறுபடியும் பொரிக்கலாகாது. நிறம் கறுத்துக் குழகுழப்பானால் கொட்டிவிடுவதே லாபம். செக்கெண்ணெயை ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவே வாங்கி, தெளிய வைத்து, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஆட்டுவதற்கு முன் கடலையைப் பார்க்க அனுமதிக்கும் செக்குக்காரரையே நாட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு. குன்னூரில் 1918-ம் வருஷத்தில் தொடங்கிப் பின்பு ஹைதராபாத்துக்குச் சென்ற தேசிய ஆகார ஆராய்ச்சி நிலையத்தார் 2024-ல் வெளியிட்ட யோசனைப்படி, 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 27 கிராம் எண்ணெய் போதும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று கணக்காகிறது. மணமற்ற எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் தெரிவதில்லை; ஆகையால் கை நீளுகிறது. நல்லெண்ணெய் இரண்டு கரண்டியிலேயே தன் வரவைத் தெரிவித்துவிடும். விலை அதிகமென்று தோன்றும் செக்கெண்ணெய் பாதி அளவில் வேலையை முடித்துவிடுமானால், மாதக் கடைசியில் கணக்கு நேராகிவிடும்.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது பழமொழி. வாணியனுக்குக் கொடுக்கும் பணம் ஆண்டிபட்டி மேட்டுக் காட்டில் கடலை விதைக்கிறவனுக்கும், கூடலூரில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கும் போய்ச் சேர வேண்டுமென்பதையும் நாம் அதனுடன் சேர்த்துச் சொல்லுவோம். அடுத்த மாதச் சாமான் ஜாபிதாவை எழுதும்போது 'எண்ணெய்' என்று மட்டும் எழுதாமல், எந்த எண்ணெய், எந்தக் காரியத்துக்கு, எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உத்தியோகம் இழந்த மூக்கையும் மறுபடி வேலைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.